பட்ஸ் கனெக்ட் ஆகிறது, சத்தம் வரவில்லை: எங்கிருந்து தேடுவது?

ப்ளூடூத் இயர்பட்ஸைக் கேஸிலிருந்து எடுத்துக் காதில் மாட்டியதும் "கனெக்டட்" என்று ஒரு குரல் கேட்கும். சில மாடல்களில் குரலுக்குப் பதில் டிங் என்று ஒரு மணி அடிக்கும். அந்தச் சத்தம் போனிலிருந்து வருவதில்லை. பட்ஸுக்குள் இருக்கும் சிப்பிலேயே பதிந்து கிடக்கிறது. போன் கிடைத்ததும் சிப் தானாக அதை ஒலிக்கவிடுகிறது. அதனால் "கனெக்ட் ஆகுது, சத்தம் வரல" என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, அந்தக் குரல் காதில் விழுகிறதா என்பதைத்தான்.

தெளிவாக விழுகிறது என்றால் ஸ்பீக்கர் வேலை செய்கிறது, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, சத்தம் வெளியே வரும் வலையில் அடைப்பு இல்லை. முதலில் போனிலோ லேப்டாப்பிலோ ஆப்பிலோதான் தேட வேண்டும். விழவில்லை என்றால் செட்டிங்ஸை எவ்வளவு புரட்டினாலும் பயன் இல்லை. அழுக்கா, சார்ஜா, ஈரமா என்று பட்ஸைத்தான் பார்க்க வேண்டும். நிறைய மாடல்களில் குரல் ஒரு பக்கத்தில் மட்டும்தான் வரும். ஆகவே ஒன்றைக் கேஸிலேயே விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்து மாட்டிக் கேளுங்கள், பிறகு மாற்றிக் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி: வேறு போனில் என்ன ஆகிறது? வீட்டில் இன்னொருவர் போனை வாங்கி, அதில் பேர் (pair) செய்து, அதாவது புதிதாக இணைத்து, ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். அதில் பாட்டு வந்தால் கோளாறு உங்கள் போனில். அதிலும் வரவில்லை என்றால் பட்ஸில். இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் ரீசெட் பக்கம் போக வேண்டும்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மொபைல் சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். "எக்கா, கனெக்ட் ஆவுது, பாட்டுதான் கேக்க மாட்டேங்கு" என்று வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டையும் பார்க்காமலேயே புது ஜோடிக்கு விலை விசாரிக்கிறார்கள். எனக்கு அது பொறுக்காது. சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பிக்கு மேப் வழி சொல்வது அந்தப் பட்ஸில்தான். வாடகை அறையில் நாலு பேரோடு தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு வகுப்பு கேட்பது அதில்தான். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அவர்களுக்குச் சின்னக் காசு இல்லை. ஒரு செட்டிங் அணைந்து கிடந்ததற்காக நல்ல பட்ஸ் குப்பைக்குப் போகக் கூடாது.

போன் திரையில் "கனெக்டட்" என்று வந்தால் என்ன அர்த்தம்

ப்ளூடூத்தில் பாட்டு போகிற வழி வேறு, போன் பேச்சு போகிற வழி வேறு. பாட்டு, வீடியோ, ரீல்ஸ் எல்லாம் ஏ2டிபி என்ற ப்ரொஃபைல் வழியாக, ஸ்டீரியோவாக, ஒரு பக்கமாகப் போகும். கால் பேசும்போது குரல் ஹெச்எஃப்பி என்ற ப்ரொஃபைல் வழியாக, மைக்கோடு சேர்ந்து, இரண்டு பக்கமும் போய் வரும். பாட்டை நிறுத்துவது, அடுத்ததுக்குத் தள்ளுவது, வால்யூம் கூட்டுவது இதற்கெல்லாம் ஏவிஆர்சிபி என்று இன்னொன்று. இவற்றில் ஒன்று மட்டும் கிடைத்தாலும் திரையில் "கனெக்டட்" என்று வந்துவிடும். வீட்டுக்குக் கரண்ட் வந்துவிட்டது என்பதால் குழாயில் தண்ணீரும் வரும் என்று சொல்ல முடியாதே, அதுபோலத்தான்.

அதனால் பாட்டு வரவில்லை என்றால் யாருக்காவது ஒரு சாதாரண கால் போட்டுப் பாருங்கள். ரிங் போகிற சத்தம் பட்ஸில் கேட்டு, பாட்டு மட்டும் கேட்கவில்லை என்றால், பாட்டுக்கான வழி அணைந்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அதில் கனெக்டட் டிவைசஸ், அங்கே பட்ஸ் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொடுங்கள். "போன் கால்ஸ்", "மீடியா ஆடியோ" என்று தனித்தனி சுவிட்ச் இருக்கும். சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸுக்குள் ப்ளூடூத் போய் அதே பல்சக்கரம். அங்கே "கால்ஸ்", "ஆடியோ" என்று இருக்கும். மீடியா அணைந்திருந்தால் போடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் ஒருமுறை அணைத்து, சில நொடி விட்டு, திரும்பப் போடுங்கள். சில நேரம் சுவிட்ச் போட்டபடி இருந்தும் உள்ளே அந்த வழி அறுந்திருக்கும். அணைத்துப் போட்டால் புதிதாகப் பிடிக்கும்.

ஐபோனில் இப்படித் தனிச் சுவிட்ச் கிடையாது. பாட்டு ஓடும்போது கன்ட்ரோல் சென்டரை இழுத்து, பாட்டுப் பெட்டியில் இருக்கும் ஏர்ப்ளே குறியைத் தொடுங்கள். சத்தம் எங்கே போகிறது என்று பட்டியல் வரும், அதில் பட்ஸைத் தேர்ந்தெடுங்கள். கால் மட்டும் பட்ஸுக்கு வராமல் போனிலேயே பேசினால் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, டச், அதற்குள் "கால் ஆடியோ ரவுட்டிங்" என்று ஒன்று இருக்கிறது. அங்கே "ஸ்பீக்கர்" என்று வைத்திருந்தால் "ஆட்டோமேட்டிக்" ஆக்குங்கள்.

கையில் கட்டியிருக்கும் வாட்ச்

இதைத் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது என் மேசைக்கு வருவதில் இதுதான் அதிகம். "ப்ளூடூத் காலிங்" என்று போட்டு விற்கிற வாட்ச்களில் ஒரு குட்டி ஸ்பீக்கரும் மைக்கும் இருக்கின்றன. போனைப் பொறுத்தவரை அதுவும் ஒரு ஹெட்செட். ஆண்ட்ராய்டில் கடைசியாக வந்து இணைந்த ஆடியோ சாதனத்துக்குத்தான் பெரும்பாலும் சத்தம் போகும். காலையில் பட்ஸை மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வாட்சைக் கழற்றி வைத்த இடத்தை விட்டுத் தள்ளிப் போய்த் திரும்பி வந்ததும், அது மறுபடி போனோடு இணைந்து பாட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பட்ஸ் "கனெக்டட்" என்றே காட்டும், காதில் ஒன்றும் கேட்காது. பாட்டு வாட்சிலிருந்து கீச்சென்று வந்துகொண்டிருக்கும். பஸ் ஸ்டாண்டு சத்தத்தில் அது காதில் விழாது.

ஒரு அண்ணாச்சி பட்ஸ் செத்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டு வந்தார். அவர் கையில் இருந்த வாட்சைக் காதுப் பக்கம் வைக்கச் சொன்னேன். பாட்டு அதில் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கு வாட்சைத் தூக்கி எறிய வேண்டாம். அதே ப்ளூடூத் பட்டியலில் வாட்ச் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, "மீடியா ஆடியோ"வை மட்டும் அணையுங்கள். கால் வாட்சிலும் பேசலாம், பாட்டு பட்ஸை விட்டுப் போகாது. கார் ஸ்டீரியோ, ஹெல்மெட்டில் மாட்டுகிற இன்டர்காம், வீட்டு ஹோம் தியேட்டர் எல்லாவற்றுக்கும் இதே பிரச்சினை, இதே தீர்வு. புதிய ஆண்ட்ராய்டு போன்களில் நோட்டிஃபிகேஷனில் தெரியும் பாட்டுப் பெட்டியின் ஓரத்தில் சாதனத்தின் பெயர் சின்னதாக இருக்கும். அதைத் தொட்டால் சத்தம் இப்போது எங்கே போகிறது என்று தெரிந்துவிடும், அங்கேயே மாற்றவும் செய்யலாம்.

வால்யூமில் ஒளிந்திருப்பவை

போன் ஸ்பீக்கருக்கு ஒரு வால்யூம், பட்ஸுக்கு ஒரு வால்யூம், காலுக்கு ஒரு வால்யூம் என்று ஆண்ட்ராய்டு தனித்தனியாக நினைவு வைத்துக்கொள்ளும். ஸ்பீக்கரில் முழுச் சத்தம் வைத்திருந்தாலும் பட்ஸ் மாட்டியதும் அது பூஜ்யத்தில் இருக்கலாம். பாட்டை ஓடவிட்டு, அது ஓடும்போதே பட்டனை அழுத்துங்கள். ஓடாமல் அழுத்தினால் சில போன்களில் ரிங்டோன் வால்யூம்தான் ஏறும். கால் சத்தம் குறைவு என்றால் கால் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் கூட்ட வேண்டும்.

சில பட்ஸ்களுக்குச் சொந்தமாகவும் ஒரு வால்யூம் உண்டு. போனின் வால்யூமும் பட்ஸின் வால்யூமும் ஒன்றாக நகர வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்குப் பெயர் அப்ஸல்யூட் வால்யூம். இரண்டுக்கும் ஒத்துப்போகாதபோது திரையில் கோடு மேலே ஏறும், காதில் சத்தம் ஏறாது. அப்போது டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறக்க வேண்டும். செட்டிங்ஸில் அபவுட் போன் போய் பில்டு நம்பரை 7 முறை தட்டினால் அது திறக்கும். சில போன்களில் பில்டு நம்பர் "சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்" என்ற பக்கத்துக்குள் இருக்கும். திறந்ததும் "டிஸேபிள் அப்ஸல்யூட் வால்யூம்" என்பதைப் போட்டு, பட்ஸைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். மாட்டுவதற்கு முன்னால் போனில் வால்யூமை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பட்ஸ் பக்கம் முழு அளவில் நின்றிருந்தால் முதல் பாட்டே செவியைக் கிழித்துவிடும். இன்னொன்று, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் போட்டிருந்தால் சில பேங்க் ஆப்கள் திறக்க மறுக்கும். அதை அணைத்தால் பல போன்களில் இந்த மாற்றமும் பழையபடி போய்விடும். எது முக்கியமோ அதைப் பாருங்கள்; என்னைக் கேட்டால் இதைக் கடைசியில் முயலுங்கள் என்பேன்.

ஒரு காதில் மட்டும் சத்தம் இல்லையா? செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் ஆடியோ பேலன்ஸ் கோடு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் அதே ஆக்சஸிபிலிட்டியில் "ஆடியோ அண்ட் விஷுவல்" பக்கத்தில் இருக்கும். குழந்தைகள் கையில் போன் போய் வந்த பிறகு அது ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடப்பதை நிறையப் பார்க்கிறேன்.

ஆப் செய்கிற வேலை

போனின் எல்லாச் சத்தமும் போய்விட்டதா, ஒரே ஒரு ஆப் மட்டும் பேசவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் பாட்டு ஓடுவது போலத் திரையில் தெரியும், கேட்காது. கீழே சாதனக் குறியைத் தொட்டால் வீட்டு டிவியின் பெயர் இருக்கும். நேற்று இரவு டிவியில் கேட்டதை ஆப் மறக்கவில்லை. யூட்யூபில் காஸ்ட் குறியும் அப்படித்தான். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் மியூட் ஆகியிருக்கும், ப்ரௌசரில் அந்த டேப் மட்டும் மியூட் ஆகியிருக்கும். போனோடு வந்த கேலரியில் ஏதாவது ஒரு வீடியோவைப் போட்டுப் பாருங்கள், அதில் சத்தம் வந்தால் பட்ஸை விட்டுவிட்டு ஆப்பைக் கவனியுங்கள்.

வாட்ஸாப் கால், மீட்டிங் ஆப்களில் மட்டும் சத்தம் பட்ஸுக்கு வரவில்லை என்றால் பெர்மிஷனைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் ப்ளூடூத் சாதனத்தோடு பேச ஆப்புக்கு "நியர்பை டிவைசஸ்" என்று ஒரு அனுமதி வேண்டும். முதல்முறை அது கேட்கும்போது என்னவோ கேட்கிறது என்று "டோன்ட் அலோ" கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அந்த ஆப் பட்ஸைத் தன் பட்டியலிலேயே காட்டாது. ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து, ஆப் இன்ஃபோ, பெர்மிஷன்ஸ் போய் அதை அனுமதியுங்கள்.

ஒரு பட்ஸுக்கு இரண்டு எஜமானர்

ஒரே நேரத்தில் இரண்டு சாதனங்களோடு இணைந்திருக்கும் பட்ஸ்கள் இப்போது குறைந்த விலையிலேயே கிடைக்கின்றன. மல்டிபாயின்ட், டூயல் கனெக்‌ஷன் என்று பெட்டியில் போட்டிருக்கும். வசதிதான். ஆனால் இரண்டில் எது முதலில் சத்தத்தைத் தொடங்கியதோ அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை உள்ளே விடாத மாடல்கள் நிறைய இருக்கின்றன. ஆபீஸ் லேப்டாப்பில் சத்தமில்லாத ஒரு விளம்பர வீடியோ ஏதோ டேபில் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது முடிக்காத மீட்டிங் ஜன்னல் திறந்தே கிடக்கும். பட்ஸ் அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும், போனில் போட்ட பாட்டு வராது.

வீட்டில் உள்ள எல்லாப் போனிலும் லேப்டாப்பிலும் டேப்லெட்டிலும் டிவியிலும் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, ஒரே போனோடு மட்டும் இணைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் காரணம் இதுதான். பட்ஸ் கம்பெனியின் ஆப்பில் டூயல் கனெக்‌ஷனை அணைக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். இரண்டு சாதனம் கட்டாயம் வேண்டாதவர்கள் அணைத்தே வைத்திருங்கள் என்பது என் கருத்து. பேட்டரியும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும்.

லேப்டாப்பில் வராதபோது

ஆன்லைன் இன்டர்வியூவுக்கு உட்காரும் பிள்ளைகள் கடைசி நிமிடத்தில் பதறுவது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விண்டோஸில் முதலில் பார்க்க வேண்டியது, கீழே வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் குறி. அதைத் தொட்டு, வால்யூம் கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள அம்பை அழுத்தினால் சத்தம் எதில் வர வேண்டும் என்று பட்டியல் வரும். ப்ளூடூத் பக்கத்தில் "கனெக்டட்" என்று இருந்தும் இங்கே லேப்டாப் ஸ்பீக்கரே தேர்வாகி இருக்கலாம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டியலில் ஒரே பட்ஸ் இரண்டு பெயரில் தெரியும். ஒன்றில் "ஸ்டீரியோ" என்று இருக்கும், இன்னொன்றில் "ஹேண்ட்ஸ்-ஃப்ரீ ஏஜி ஆடியோ" என்று இருக்கும். முதலாவது பாட்டுக்கான ஏ2டிபி, இரண்டாவது காலுக்கான ஹெச்எஃப்பி. பட்ஸில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது. மீட்டிங் ஆப் பட்ஸின் மைக்கைத் திறந்த நொடியே ஸ்டீரியோ பக்கம் ஊமையாகிவிடும். ஸ்பீக்கர் என்று ஸ்டீரியோவையும் மைக் என்று ஹேண்ட்ஸ்-ஃப்ரீயையும் தேர்ந்தெடுத்தவருக்கு எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது, இவர் பேசுவது மட்டும் அங்கே கேட்கும். விண்டோஸ் 11இல் இரண்டையும் ஒரே பெயராகச் சேர்த்துவிட்டார்கள், அதனால் இந்த ஊமைத்தனம் குறைவு. ஆனால் மைக் திறந்ததும் குரல் பழைய டெலிபோன் போல ஆகிவிடுவது அங்கேயும் உண்டு. ஹெச்எஃப்பியில் சத்தம் மோனோவாக, வழக்கமாக 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் அளவில்தான் போகிறது, பாட்டுக்கான வழியில் 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ்.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: மீட்டிங் ஆப்பின் ஆடியோ செட்டிங்கில் ஸ்பீக்கருக்குப் பட்ஸின் ஸ்டீரியோவையும், மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் வையுங்கள். அறை அமைதியாக இருந்தால் லேப்டாப் மைக்கே தெளிவாக இருக்கும், காதிலும் குரல் நன்றாக விழும். பாட்டு மட்டும் கேட்கப் பட்ஸ் வைத்திருப்பவர் விண்டோஸ் 10இல் கன்ட்ரோல் பேனலில் டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ் போய், பட்ஸின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் சர்வீசஸ் என்ற பக்கத்தைத் திறக்கலாம். "ஆடியோ சிங்க்" டிக் ஆகியிருக்க வேண்டும். "ஹேண்ட்ஸ்ஃப்ரீ டெலிஃபோனி" டிக்கை எடுத்துவிட்டால் இந்தத் தகராறே வராது, ஆனால் பட்ஸ் மைக் லேப்டாப்பில் வேலை செய்யாது.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு ஆப்பில் சத்தம் இல்லை என்றால் வால்யூம் மிக்ஸரைத் திறங்கள். ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாக வால்யூமும் அவுட்புட்டும் வைக்க அங்கே முடியும், பழைய தேர்வு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் இல்லை என்றால் ஸ்டார்ட்டில் "சர்வீசஸ்" என்று தேடித் திறந்து "ப்ளூடூத் சப்போர்ட் சர்வீஸ்", "ப்ளூடூத் ஆடியோ கேட்வே சர்வீஸ்" இரண்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், சவுண்ட், அவுட்புட் பார்த்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். இன்டர்வியூ என்றால் ஒரு மணி நேரம் முன்னாலேயே தெரிந்தவரோடு ஒரு டெஸ்ட் கால் போட்டுவிடுங்கள். மேசையில் ஒரு வயர் ஹெட்செட்டும் இருக்கட்டும்.

கோடெக் பற்றிச் சுருக்கமாக

எல்டாக், ஏஏசி, எஸ்பிசி என்பவை சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகள். ஏ2டிபி வழியாகப் பாட்டு போகிற எல்லாச் சாதனத்திலும் எஸ்பிசி கட்டாயம் இருக்கும். போனும் பட்ஸும் உயர்ந்த கோடெக்கில் ஒத்துப்போகாமல் சத்தம் விட்டுவிட்டு வந்தாலோ அறவே வராமல் போனாலோ, பட்ஸ் பெயரின் பல்சக்கரத்தில் "ஹெச்டி ஆடியோ" என்றோ "எல்டாக்" என்றோ இருக்கும் சுவிட்சை அணையுங்கள், ஏஏசிக்கோ எஸ்பிசிக்கோ இறங்கிவிடும். "எல்இ ஆடியோ" என்ற புது முறைக்குச் சுவிட்ச் இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள். போன் சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று சத்தம் நின்றவர்கள் இதை முதலிலேயே பார்க்கலாம்.

பட்ஸைக் கையில் எடுத்து

குரலே கேட்காதவர்களும், மிக மெல்லியதாகக் கேட்பவர்களும் இனிமேல் படியுங்கள்.

சிலிகான் டிப்பைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் சத்தம் வரும் வலையைப் பாருங்கள். காது அழுக்கு மட்டும்தான் அடைக்கும் என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தால் அது வழிந்து காதோரம் நிற்கும். பட்ஸ் மாட்டினால் வலையின் கண்களில் எண்ணெய் படலமாகப் பரவிவிடும். கண்ணுக்குச் சுத்தமாகவே தெரியும், சத்தம் மட்டும் பாதியாகிவிடும். அதன் மேல் பவுடர் ஒட்டினால் முழுசாக அடைத்துக்கொள்ளும். காய்ந்த டிஷ்யூவை வலையின் மேல் மெல்ல ஒற்றி ஒற்றி எண்ணெயை எடுங்கள். பிறகு வலையைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, குழந்தைகளுக்கான மென்மையான காய்ந்த டூத் ப்ரஷால் தட்டித் தட்டித் துடையுங்கள். அழுக்கு உள்ளே போகாமல் கீழே விழும். ஊக்கு, ஊசி, பல்குத்தும் குச்சி எதுவும் வேண்டாம்; வலை கிழிந்தால் பின்னால் உள்ள மெல்லிய சவ்வு போய்விடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். டிப்பை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுசாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். எண்ணெய் வைத்த அன்று பட்ஸ் மாட்டாமல் இருப்பது இன்னும் நல்லது.

அடுத்தது பட்ஸின் அடியில் அல்லது பக்கவாட்டில் இருக்கும் சார்ஜ் புள்ளிகள். ஹெல்மெட்டுக்குள் வேர்த்து வடிந்த உப்பு அவற்றில் படிந்து பச்சையோ கறுப்போ பிடிக்கும். கேஸுக்குள் ஸ்பிரிங் வைத்த சின்ன ஊசிமுனைகள் இருக்கும், அவற்றிலும் படியும். தொடர்பு விட்டுப்போனால் இரண்டு விதமாகப் படுத்தும். ஒன்று, அந்தப் பக்கம் சார்ஜே ஏறாமல் ஒரு காது செத்துக் கிடக்கும். இன்னொன்று யாரும் எதிர்பார்க்காதது: கேஸில் வைத்தாலும் பட்ஸுக்குத் தான் கேஸில் இருப்பது தெரியாது. அணையாமல் போனோடு இணைந்தே இருக்கும். நீங்கள் போனில் வீடியோ போடுவீர்கள், சத்தம் பைக்குள் மூடிய கேஸுக்குள் ஓடும். போன் ஊமையாகிவிட்டது என்று கொண்டுவருகிறவர்களில் சிலருக்கு நடந்திருப்பது இதுதான். பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்டு, புள்ளிகளையும் கேஸின் ஊசிமுனைகளையும் துடைத்துக் காயவிடுங்கள். ஆல்கஹாலை வலைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். புதுப் பெட்டியைப் பிரித்த அன்றே ஒரு பக்கம் வரவில்லை என்றால், சார்ஜ் புள்ளியின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள்.

காதில் இருக்கிறதா என்று அறிய சில பட்ஸ்களில் கறுப்பாக ஒரு குட்டி ஜன்னல் போல சென்சார் இருக்கும். அதன் மேல் எண்ணெயோ அழுக்கோ தனியாக வாங்கிப் போட்ட சிலிகான் உறையோ மறைத்தால், காதில் இருப்பது அதற்குத் தெரியாமல் பாட்டை நிறுத்திவிடும். ப்ளே அழுத்தினால் ஓடும், உடனே நிற்கும். துடைத்தும் சரியாகவில்லை என்றால் பட்ஸின் ஆப்பில் இன்-இயர் டிடெக்‌ஷனை அணைத்துவிடுங்கள். ஏர்பாட்ஸுக்கு ஐபோன் செட்டிங்ஸில் பட்ஸின் பெயரைத் தொட்டால் "ஆட்டோமேட்டிக் இயர் டிடெக்‌ஷன்" இருக்கும்.

மழையில் நனைந்ததை அரிசியில் புதைக்காதீர்கள், அரிசித் தூள் வலைக்குள் போய் ஒட்டும். துணியால் துடைத்து, கேஸில் போடாமல், காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஈரத்தோடு சார்ஜில் வைத்தால் மிச்சம் உயிரும் போய்விடும்.

ரீசெட்: வரிசை முக்கியம்

போனில் மட்டும் "ஃபர்கெட்" கொடுத்துவிட்டு உடனே பேர் செய்தால் பல நேரம் பழைய கோளாறே திரும்பி வரும். பட்ஸின் நினைவில் பழைய பேரிங்கின் சாவி அப்படியே இருக்கிறது. இரண்டு பக்கமும் மறக்க வேண்டும்.

முதலில் இந்தப் பட்ஸ் எந்தெந்தப் போன், லேப்டாப், டிவியில் பேர் ஆகியிருக்கிறதோ எல்லாவற்றிலும் ஃபர்கெட் கொடுத்து, அவற்றில் ப்ளூடூத்தையும் அணைத்துவிடுங்கள். பட்ஸ் இரண்டையும் கேஸில் வைத்து விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாத பக்கம் ரீசெட் ஆகாது, அதனால் தொடர்பைத் துடைத்துவிட்டே இதைச் செய்ய வேண்டும். பிறகு பட்ஸை ரீசெட் செய்யுங்கள். எந்த பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துவது என்பது மாடலுக்கு மாடல் மாறும், பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தில் இருக்கும். பின்பக்கம் பட்டன் உள்ள ஏர்பாட்ஸ் கேஸ் என்றால் மூடியைத் திறந்து வைத்து, விளக்கு ஆரஞ்சாக மினுக்கி வெள்ளையாகும் வரை ஏறக்குறைய 15 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அதன் பிறகு போனை ஒருமுறை அணைத்துப் போட்டு, அந்த ஒரு போனில் மட்டும் பேர் செய்யுங்கள். இடதும் வலதும் ஒன்றையொன்று தொலைத்துவிட்டு ப்ளூடூத் பட்டியலில் இரண்டு தனிப் பெயராகத் தெரிகிற கோளாறும் இந்த ரீசெட்டில்தான் சரியாகும்.

வேறு போனில் நன்றாக ஓடுகிறது, உங்கள் போனில் மட்டும் ரீசெட்டுக்குப் பிறகும் வரவில்லை என்றால், போனின் ப்ளூடூத் பதிவுகளையே துடைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் சிஸ்டம், ரீசெட் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் வைஃபை, மொபைல், ப்ளூடூத் செட்டிங்ஸை மட்டும் அழிக்கிற வசதி உண்டு. ஐபோனில் ஜெனரல் பக்கத்தின் அடியில் ரீசெட்டுக்குள் "ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்". படம், மெசேஜ் எதுவும் போகாது. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோளாறுக்காக முழு ஃபேக்டரி ரீசெட் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடையில் கொடுக்கும்போது

வேறு போனிலும் வரவில்லை, சுத்தம் செய்தும் வரவில்லை, ரீசெட்டும் ஆகிவிட்டது என்றால் உள்ளே ஏதோ போயிருக்கிறது. வாரன்ட்டி இருந்தால் எங்களைப் போன்ற மேசைக்குக் கொண்டுவராமல் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள். நம் ஊரில் விற்கிற பெரும்பாலான பட்ஸ்களுக்கு 1 வருட வாரன்ட்டி இருக்கிறது. பசையால் ஒட்டிய உடம்பை யாராவது பிரித்துவிட்டால் அது போய்விடும். உள்ளே இருக்கும் லித்தியம் செல்லைக் கத்தியால் குத்திவிட்டால் தீப்பிடிக்கும், ஆகவே வீட்டில் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

போகும்போது வெறுமனே "சத்தம் வரல" என்று சொல்லாதீர்கள். எந்தக் காது, கால் கேட்கிறதா, இன்னொரு போனில் என்ன ஆனது, எப்போதிலிருந்து என்று நான்கையும் சொன்னால் கவுன்ட்டரில் இருப்பவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க மாட்டார். கோளாறை ஒரு வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போனதும் ஒழுங்காகப் பாடுகிற பட்ஸ்கள் உண்டு. பில்லின் படமும் கேஸில் உள்ள சீரியல் நம்பரின் படமும் போனில் இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் ஒற்றைப் பட்ஸ் விலைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். சில கம்பெனிகள் தருகின்றன, தானாக முன்வந்து சொல்வதில்லை. கிடைத்தால் புதியதையும் பழையதையும் ஒரே கேஸில் வைத்து, மேலே சொன்ன ரீசெட்டை ஒருமுறை செய்த பிறகுதான் இரண்டும் ஜோடி சேரும்.